சாம்பல் மேடும் சைனைடு மேடும்

(கோலார் தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைத்தவர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு, பாலைவனங்களில் பழங்கால மக்கள் எழுப்பிய மர்மக் கட்டுமானங்கள். எகிப்தின் பிரமிடு, பெரு நாட்டின் நாஸ்கா கோடுகள் என்று பேசுவார் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவற்றுக்கும் வருவேன். ஆனால் அவற்றைப் பற்றி யூடியூபில் இரவு முழுக்கப் பார்க்க ஆயிரம் வீடியோ இருக்கிறது. நம் கர்நாடகத்திலேயே, மழை குறைந்த வறண்ட கரிசல் பூமியில், நாஸ்காவை விடவும் எகிப்தின் பெரிய பிரமிடை விடவும் வயதான மேடுகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி வீடியோ அதிகம் இல்லை. அதனால் தலைப்பை நம் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டேன்.

பல்லாரியிலிருந்து ஹோஸ்பேட்டைக்குப் போகும் வழியில் குடதினி என்ற ஊர். அங்கே சாலையோரத்தில் ஒரு மேடு. தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரண மண்மேடு. பக்கத்தில் போய் ஒரு துண்டை உடைத்துக் கையில் எடுத்தால் மண் இல்லை. சாம்பல். சில அடுக்குகள் விபூதி போல மென்மையானவை. சில அடுக்குகள் உருகி, ஓட்டை ஓட்டையாக, கண்ணாடிக் கசடு போல இறுகியவை. பல்லாரி, ராய்ச்சூர், யாத்கிர் பக்கங்களிலும், எல்லை தாண்டி ஆந்திர, தெலங்கானா மாவட்டங்களிலும் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மேடுகள். சில, பத்து மீட்டர் உயரம் வரை. ஒரு குன்றளவு சாம்பலை யார் குவித்தார்கள்? எதை எரித்தார்கள்? எதற்காக?

ஊர்க்காரர்களிடம் பதில் எப்போதோ தயாராக இருந்தது. குடதினி மேடு பீமன் கொன்ற இடும்பாசுரனின் சாம்பல். ஹம்பிக்கு அருகே நிம்பாபுரத்தில் இருப்பது வாலியை எரித்த இடம். அந்தப் பக்கம்தானே கிஷ்கிந்தை. கதையைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். அதில் ஒரு நல்ல கவனிப்பு இருக்கிறது. இது எரிந்த சாம்பல், இயற்கையாக வந்த மண் அல்ல என்பதை ஊர்க்காரர்கள் சரியாகப் பிடித்துவிட்டார்கள். இவ்வளவு சாம்பல் வர வேண்டும் என்றால் எரிந்தவனும் அந்த அளவுக்குப் பெரியவனாகத்தான் இருக்க வேண்டும் என்பது அடுத்த படி. கணக்கு தப்பு, கணக்குப் போட்ட முறை தப்பில்லை.

படித்தவர்கள் வந்தபோது கதைகள் பெருகின. 1830களிலும் 40களிலும் மதராஸ் ராணுவத்தைச் சேர்ந்த கேப்டன் நியூபோல்ட் இந்த மேடுகளைப் பார்த்து எழுதினார். அதன்பின் ஆளுக்கொரு விளக்கம். எரிமலைக் கசடு என்றது ஒரு கட்சி. இரும்பு உருக்கிய உலையின் மிச்சம் என்றது இன்னொரு கட்சி. 1899இல் ராபர்ட் சீவெல் ஒரு கட்டுரை எழுதி, இவை விஜயநகரக் காலத்துப் பெருந்தீயின் மிச்சங்களாக இருக்கலாம் என்றார். அடுத்த ஆண்டே விஜயநகர வரலாற்றைப் பெரிய புத்தகமாக வெளியிட்டவர் அவர். மனம் முழுக்க விஜயநகரம் நிறைந்திருந்த மனிதருக்குச் சாம்பலிலும் விஜயநகரம் தெரிந்தது. போரில் இறந்தவர்களை எரித்தது, உடன்கட்டை ஏறியது என்றெல்லாம் பின்னால் வந்தவர்களும் எழுதினார்கள். மேட்டைப் பற்றிய கருத்துகளை வரிசையாக வைத்துப் படித்தால் மேட்டைவிட, கருத்து சொன்னவரின் தொழில்தான் தெளிவாகத் தெரிகிறது.

ஒருவர் மட்டும் வேறு மாதிரி பார்த்தார். ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863இல் பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தவர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இந்த ஊருக்கும் அவருக்கும் ஓர் உறவு உண்டு. கோலார் தங்கம் கிடக்கும் பாறை வரிசை இருக்கிறதே, அதைச் சேர்ந்த தார்வார் பாறைத் தொகுதியைத் தனியாக இனங்கண்டு பெயர் வைத்த நிலவியலாளரும் அவர்தான். பாறை தெரிந்த மனிதர் என்பதால், 'இது எரிமலைக் கசடு இல்லை' என்று அவரால் உடனே சொல்ல முடிந்தது. 1870களிலேயே அவர் சொன்னது: இது மாட்டுச் சாணம். கற்காலத்து மக்கள் மாடுகளை அடைத்த பட்டியில் சேர்ந்த சாணம் எரிந்த சாம்பல்.

இது பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் யாருக்கும் பிடிக்கவில்லை. அசுரன், போர், தியாகத்தீ என்று கேட்டுவிட்டு, கடைசியில் சாணம் என்றால் யாருக்குப் பிடிக்கும்? ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் இந்தக் கருத்து மூலையில் கிடந்தது. பிறகு லண்டனில் ஃப்ரெடரிக் ஸொய்னர் மேட்டின் துண்டுகளை ஆய்வுக்கூடத்தில் சோதித்தார். புல்லின் உடம்பில் மணிமணியாகச் சிலிக்கா உண்டு. மாட்டின் வயிற்றில் அது செரிக்காது, சாணத்தோடு வந்துவிடும். பெரிய குவியலாகச் சாணம் எரியும்போது உள்ளே சூடு ஏறி, சாம்பலில் உள்ள காரத்தோடு அந்தச் சிலிக்கா சேர்ந்து உருகும். கண்ணாடிக் கசடு அப்படித்தான் வந்தது. உலையும் வேண்டாம், எரிமலையும் வேண்டாம்.

1957இல் தொல்லியலாளர் எஃப். ஆர். ஆல்சின் அப்போதைய மகபூப்நகர் மாவட்டத்து உட்நூரில் ஒரு மேட்டை வெட்டிப் பார்த்தார். மரக்கம்பங்கள் நட்ட குழிகள் வரிசையாக வந்தன, பட்டியின் வேலி. வேலி எரிந்திருக்கிறது, மறுபடி நட்டிருக்கிறார்கள், மறுபடி எரிந்திருக்கிறது. இதைவிட ஒன்று. சாம்பல் அடுக்குகளுக்கு நடுவே மாட்டுக் குளம்புத் தடங்கள் பதிந்து கிடந்தன. நாலாயிரம் ஆண்டுக்கும் முன்னால் ஒரு மாடு காலை எடுத்து வைத்த இடம். அதற்குமேல் வாதாட என்ன இருக்கிறது?

எப்படி என்ற கேள்வி அதோடு முடிந்தது. ஏன் என்ற கேள்வி முடியவில்லை; அங்கேதான் சுவாரசியம். இங்கே வீட்டில் வரட்டி தட்டிய பெண்கள் யாராவது இருந்தால் அவர்களைக் கேட்கிறேன். சாணத்தை யாராவது வீணாக எரிப்பார்களா? அது அடுப்புக்கு விறகு, வயலுக்கு உரம், தரைக்கு மெழுகு. ஒரு பட்டியில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த சாணத்தை மொத்தமாகக் கொளுத்துவது என்றால் கையில் இருக்கும் சொத்தைக் கொளுத்துவது மாதிரி. எதிர்பாராமல் தீப்பிடித்தது என்றால் ஒரு முறை, இரண்டு முறை பிடிக்கலாம். அடுக்கடுக்காக, தலைமுறை தலைமுறையாக, நூறு ஊர்களில் பிடிக்காது. வேண்டுமென்றே எரித்திருக்கிறார்கள்.

உண்ணியும் நோயும் ஒழியப் பட்டியைச் சுத்தம் செய்தார்கள் என்பது ஒரு விளக்கம். ஆல்சின் சொன்னது வேறு: ஆண்டின் குறிப்பிட்ட பருவத்தில், இடம் பெயரும்போதோ திரும்பி வரும்போதோ, விழாவாக எரித்தார்கள், மாடுகளைத் தீயின் வழியே ஓட்டினார்கள். ஹோலி, தீபாவளி, பொங்கல் என்று இன்றும் தீயோடும் மாட்டோடும் நடக்கும் விழாக்களை அவர் அதோடு சேர்த்துப் பார்த்தார். இங்கிலாந்தில் இருப்பவருக்கு இது துணிச்சலான ஊகம். நமக்கு அவ்வளவு தூரம் இல்லை. மைசூர், மண்டியா பக்கம் சங்கராந்தி மாலையில் வைக்கோலைப் பரப்பிக் கொளுத்தி, அலங்கரித்த மாடுகளைத் தீ தாண்டி ஓட்டுவதை இன்றும் பார்க்கலாம். அவர்களைக் கேட்டால், நோய் போகும் என்பார்கள். பெரியவர்கள் செய்தார்கள், நாங்களும் செய்கிறோம் என்பார்கள். இரண்டும் ஒரே மூச்சில் வரும். சுகாதாரமா, சடங்கா என்று பிரித்துக் கேட்பது நம் படிப்பின் கோளாறு. தீ தாண்டுகிற மாட்டுக்காரருக்கு அந்தப் பிரிவினை கிடையாது.

1990களில் யாத்கிர் பக்கம் பூதிஹாள் என்ற இடத்தில் புனே டெக்கான் கல்லூரியின் கே. பத்தய்யா பல பருவங்கள் அகழ்ந்தார். மேட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருப்பு, கல்லாயுதப் பட்டறை, மாடு அறுத்துப் பங்கிட்ட தளம் எல்லாம் கிடைத்தன. ஆக, காட்டுக்குள் தனியே கிடந்த பட்டி என்ற எண்ணமும் மாறியது. ஊரின் நடுவே மேடு. 2004இல் பீட்டர் யோஹான்சன் இன்னொரு படி போனார்: ஒரு கட்டத்துக்கு மேல் இது குப்பை அல்ல, வேண்டுமென்றே உயர்த்திய நினைவுச்சின்னம், மேடு உயர உயர ஊரின் பெருமை உயர்ந்தது என்றார். எவ்வளவு மாடு, எவ்வளவு ஆண்டு, எவ்வளவு ஆள் என்பதைத் தொலைவிலிருந்தே காட்டும் மேடு. எனக்கு இந்த வாதம் முக்கால் பங்கு சரியாகப் படுகிறது. முதல் கூடை சாணத்தை ஒதுக்கியவன் நினைவுச்சின்னம் கட்டவில்லை. அவன் பேரனின் பேரன் அதைப் பார்த்து, 'இது நம்முடையது' என்று சொல்லியிருப்பான். அதன்பின் போட்ட ஒவ்வொரு கூடையும் வேறு கூடை. தொடங்கிய காரணம் ஒன்று, தொடர்ந்த காரணம் வேறு. மர்மக் கட்டுமானம் பற்றிய கருத்துகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. கட்டியவர்கள் எல்லோரும் முதல் நாளே வரைபடம் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததாக நினைத்துக்கொள்கின்றன.

இப்போது நாஸ்காவுக்குப் போகலாம். அது உண்மையான பாலைவனம். மேலே கிடக்கும் கருநிறக் கற்களை ஒதுக்கினால் கீழே வெளிர்மண், அதுதான் கோடு. 1920களிலேயே பெரு நாட்டுத் தொல்லியலாளர் தோரிபியோ மெஹியா ஸெஸ்பே மலையடிவாரத்தில் நடந்து பார்த்து, பின்னர் இவை சடங்குப் பாதைகள், நடப்பதற்காகப் போட்டவை என்றார். சொந்த நாட்டுக்காரர், காலால் நடந்து பார்த்துச் சொன்னது. அது எடுபடவில்லை. 1941இல் அமெரிக்கரான பால் கோசோக் ஒரு கோட்டின் முனையில் சூரியன் மறைவதைப் பார்த்தார்; உலகின் மிகப் பெரிய வானியல் புத்தகம் என்றார். அது உலகமெங்கும் பரவியது. மரியா ரைஹே வாழ்நாளையே அந்தக் கோடுகளை அளக்கவும் காக்கவும் கொடுத்தார். அந்த அம்மையாருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் 1968இல் வானியலாளர் ஜெரால்ட் ஹாக்கின்ஸ் கணிப்பொறி வைத்துச் சரிபார்த்தபோது, கோடுகள் வானத்தோடு பொருந்துவது தற்செயலை மிஞ்சவில்லை. அதே ஆண்டு எரிக் ஃபான் டானிக்கனின் புத்தகம் வந்தது. வேற்றுக்கிரகவாசிகளின் விமான தளம் என்றது. எது விற்றது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு பெரிய உருவத்தை மேலேயிருந்து பார்க்காமல் எப்படி வரைய முடியும் என்று கேட்டவர்களுக்கு 1982இல் ஜோ நிக்கல் என்பவர் கென்டக்கியில் பதில் சொன்னார். உறவினர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு, கயிறும் மரக்கட்டையும் மட்டும் வைத்து, 440 அடி நீளக் கழுகை வயலில் வரைந்து காட்டினார். விமானத்திலிருந்து படம் எடுத்துப் பார்த்தார்கள். அசலோடு அப்படியே ஒத்துப்போனது. வாசலில் புள்ளிக் கோலம் போட்டவர்களுக்கு இது செய்தியே இல்லை.

எகிப்தில் இன்னும் நல்ல சாட்சி கிடைத்தது. செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் 2013இல் பியர் தாலே குழுவினர் பாப்பிரஸ் ஏடுகளைக் கண்டெடுத்தார்கள். மெரெர் என்ற மேஸ்திரி எழுதிய நாட்குறிப்பு. நாற்பது பேர் கொண்ட கோஷ்டியோடு தூராக் கல்குவாரியிலிருந்து சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றி, கீசாவில் கூஃபுவின் பிரமிடுக்குக் கொண்டுபோய் இறக்கிய கணக்கு. இன்று கல் ஏற்றினோம், இன்று படகு விட்டோம், இரவு இன்ன இடத்தில் தங்கினோம். மர்மம் ஒரு சொட்டு இல்லை. நம் ஷிஃப்ட் புத்தகம் மாதிரிதான்.

பிற்கால எகிப்தில், மூன்றாம் ராம்சேஸ் ஆட்சியின் 29ஆம் ஆண்டில், அரசர்களின் கல்லறைகளைக் குடைந்த தெய்ர் எல்-மெதீனா தொழிலாளிகளுக்குப் படி தானியம் வரவில்லை. கருவிகளைப் போட்டுவிட்டு வெளியே வந்து கோயில் வாசலில் உட்கார்ந்தார்கள். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று அதைச் சொல்வது வழக்கம். பாலைவனத்தில் கட்டியவர்களுக்கு வயிறு உண்டு, கணக்கு உண்டு, கோபமும் உண்டு. 1930இல் விரல் ரேகை கொடுக்க மாட்டோம் என்று இந்தச் சுரங்கங்களில் வேலையை நிறுத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கும் சபையில் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

பழங்கால மக்களால் முடியாது என்று சொல்பவர்கள் பொதுவாகப் பணம் போடாதவர்கள். பணம் போட்டவர்கள் அப்படிச் சொன்னதில்லை. 1802இல் லெப்டினென்ட் ஜான் வாரன் இந்தப் பக்கம் வந்தபோது உரிகத்திலும் மாரிக்குப்பத்திலும் ஊர்மக்கள் குழி தோண்டி, கல் இடித்து, அலசித் தங்கம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கும் முந்தைய பழங்குழிகள் வரிசையாகக் கிடந்தன. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. முதலீட்டுப் பணம் கரைந்து, மூடிவிடலாமா என்ற நிலையில் இங்குள்ள மைசூர் சுரங்கத்தில் கேப்டன் பிளம்மர் என்ன செய்தார்? புதிய இடம் தேடவில்லை. பழங்குழிகள் இருந்த இடத்திலேயே, அவற்றுக்கும் கீழே தோண்டினார். சாம்பியன் ரீஃப் கிடைத்தது. முன்னோர்கள் சும்மா தோண்டியிருக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்த ஊர் நிற்கிறது. ராய்ச்சூர் பக்கம் ஹட்டியில் ஏறக்குறைய 200 மீட்டர் ஆழம் வரை பழஞ்சுரங்கம் போயிருக்கிறது; உள்ளே கிடைத்த மரத்துண்டுகளின் வயது சுமார் 2,000 ஆண்டு. பாறைக்குத் தீ மூட்டிச் சூடேற்றி, தண்ணீர் ஊற்றிப் பிளந்து இறங்கியவர்கள் அவர்கள். வெடிமருந்தும் இல்லை, மின்விசிறியும் இல்லை.

இனி நம் மேட்டுக்கு வருகிறேன். சைனைடு மேடு.

வெளியூர்க்காரர்கள் முதன்முறை பார்த்தால் பாலைவனம் என்றுதான் நினைப்பார்கள். சினிமாக்காரர்களும் அப்படியே நினைத்து, 'கே.ஜி.எஃப்' படத்துக்கு இங்கே வந்து செட் போட்டார்கள். இது எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். வாசிக்கப்போகும் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கீழிருந்து வந்த கல்லை மில்லில் மாவாக இடித்து, சைனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சிய மாவைக் கொட்டினார்கள். ஸ்காட்லாந்தில் 1887இல் கண்டுபிடித்த சைனைடு முறை இது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போய், நூற்றிருபது ஆண்டில் ஐந்து கோடி டன்னுக்கு மேல் கல்லைத் தூக்கி, சுமார் 800 டன் தங்கம் எடுத்தார்கள். தங்கம் போன இடம் வேறு. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். 3 கோடியே 30 லட்சம் டன் மாவு பதின்மூன்று மேடுகளாக இங்கே நிற்கிறது. ஆடிக் காற்றில் அது எந்த வீட்டுக்குள் வருகிறது, யார் நுரையீரலில் தங்குகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

நாலாயிரம் ஆண்டு கழித்து ஒருவர் வந்து இந்த மேட்டை வெட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளர்களின் தட்டி வீடு மக்கிப்போயிருக்கும். லைன் வீடுகள் தரைமட்டம். சுரங்க ஷாஃப்ட் நிரம்பியிருக்கும். மிஞ்சியது தட்டையான தலை கொண்ட பதின்மூன்று வெள்ளை மேடுகளும், மாரியம்மன் கோயில்களின் அஸ்திவாரமும், தேவாலயங்களின் அஸ்திவாரமும், நிறைய கல்லறைகளும். அவர் என்ன எழுதுவார்? சடங்கு மையம் என்று எழுதுவார். கல்லை மாவாக்கிக் குவிப்பது ஒரு நோன்பு என்று எழுதுவார். இவ்வளவு உழைப்பும் மேட்டுக்காகத்தான் என்று முடிவு கட்டுவார், ஏனென்றால் அவர் கண்ணுக்கு மேடு மட்டும்தான் தெரியும். தங்கம் எல்லாம் எங்கெங்கோ உருகி வேறாகியிருக்கும்.

நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். குடதினியில் நாம் செய்வதும் அதுவே. அந்த மக்களின் செல்வம் மாடு. மாடு மக்கிப்போனது, பால் குடித்தாயிற்று, கறி தின்றாயிற்று, பாட்டும் போயிற்று. கழிவு நின்றுவிட்டது. கழிவைப் பார்த்து நோக்கத்தை எழுதுகிறோம்.

ஆனால் அவர் முழுக்கத் தப்பாகவும் எழுதியிருக்க மாட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். கம்பெனி எந்த மேட்டையும் சின்னமாகக் கட்டவில்லை. இருந்தாலும் வெளியூர் போய்த் திரும்புகிற பிள்ளைகள் ரயில் ஜன்னலில் எதைப் பார்த்ததும் பையை எடுத்துத் தோளில் போடுகிறார்கள்? கல்யாணப் போட்டோ எடுக்க எங்கே போகிறார்கள்? நெஞ்சை அடைக்கும் தூசியையும் ஊர் அடையாளத்தையும் ஒரே மேடு கொடுக்கிறது. யோஹான்சன் சாம்பல் மேட்டில் தேடியது, குப்பை எந்தக் கட்டத்தில் சின்னமாகிறது என்பதை. அதை இந்த ஊரில் உயிரோடு இருப்பவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். உலகத்தில் எந்தத் தொல்லியலாளருக்கும் கிடைக்காத வசதி இது.

அந்த வசதி நீண்ட நாள் இருக்காது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இந்தப் பதின்மூன்று மேடுகளையும் மறுபடி அரைத்துத் தங்கம் எடுக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத்தான் இருக்கும். இன்றைய விலையில் அதுவே லாபம். வேலை கிடைக்கட்டும், தூசி தீரட்டும், நான் தடுக்கச் சொல்லவில்லை. சாம்பல் மேடுகளையும் இப்படித்தான் இழந்துகொண்டிருக்கிறோம். வயலுக்கு உரமாக அள்ளுகிறார்கள், சாலைக்கு வெட்டுகிறார்கள்.

அகழ்வாளர்கள் வழக்கமாகக் கேட்கும் ஒன்றை மட்டும் நானும் கேட்கிறேன். லாரி வருவதற்கு முன்னால் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு பக்கத்தைச் செங்குத்தாக வெட்டி, அடுக்குகளைப் படமெடுத்து, அளந்து வையுங்கள். இடிப்பு முறையும் மில்லும் மாற மாற மாவின் நயமும் நிறமும் மாறியிருக்கும். அடியிலிருந்து உச்சி வரை இந்த ஊரின் வரலாறு அதில் வரிசையாகக் கிடக்கும். எந்த மேட்டுக்கு எந்த மில்லின் மாவு வந்தது, எந்த ஆண்டு எந்தப் பக்கம் கொட்டினார்கள், கொட்டிய கோஷ்டிக்கு என்ன கூலி, மேட்டின் எந்த மூலையில் பையன்கள் பந்து விளையாடினார்கள் என்று சொல்லக்கூடியவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களில் சிலர் இந்தக் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் ஆளுக்கு ஒரு மேடு எடுத்துக்கொண்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்கள் வீட்டுக்குப் போகலாம். எனக்குக் கொடுத்த நேரம் முடிந்தது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள். மில்லில் வேலை பார்த்தவர்களின் கேள்விகள் முதலில் வரட்டும்.